முதுகில்லாத பெட்டி

"அந்தப் பாழாப்போன கிட்டாரை நிறுத்தப் போறீரா, இல்லை நான் போலீஸுக்குப் போகட்டுமா?"

காம்பவுண்டுச் சுவருக்கு மேலே வைத்தீஸ்வரய்யரின் தலை மட்டும் தெரிந்தது. அல்சூரில் சாயங்காலம் கோயில் மணி தவறினாலும் தவறும், ஐயரின் தலை தவறாது.

ஆம்ப்ரோஸ் மடியில் கிடந்த ஹவாயன் கிட்டாரை மெதுவாகக் கீழே வைத்தான். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டபோது அவனுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் கிடைத்தன. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இது.

"இதுக்கேவா ஐயரே? ஸ்பீக்கர் இப்ப மொட்டையாக் கிடக்கு. நாளைக்கு டென்சில் கடையில அதுக்கு ஒரு பெட்டி வாங்கப்போறேன். அப்புறம் கேளுங்க."

ஐயரின் தலை இன்னும் கொஞ்சம் மேலே எழும்பியது.

"நானும் வரேன்" என்றார்.

"நீங்க எதுக்கு?"

"வாசிக்கிறது நீர். தினம் கேட்டுத் தொலைக்கிறது நான். பெட்டியைப் பத்தி எனக்கும் ஒரு வார்த்தை சொல்ல பாத்தியதை உண்டோல்லியோ?"

ஆம்ப்ரோஸின் மனைவி பிரிஜெட் அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "கூட்டிட்டுப் போகாதீங்க. ஏதாவது கோளாறு பண்ணத்தான் வர்றாரு."

ஆம்ப்ரோஸுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஐயர் மைசூர் சர்க்காரில் வேலை பார்த்து ரிட்டயரானவர். வீட்டில் அவரைவிடக் கறாரான அக்கா ஜகதாம்பாள். பர்மா யுத்தத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்த ஐயரின் மகள் ருக்கு. 'துக்க வீட்டுக்குப் பக்கத்திலே டான்ஸ் பாட்டா?' என்று ஜகதாம்பாள் தெருவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் சனிக்கிழமை டான்ஸ் ஹாலில் வாசிக்கிறவன் வீட்டில் பழகாமல் வேறெங்கே பழகுவான்?

அந்தப் பெண்ணை நினைத்துச் சில நாள் அவன் சத்தத்தைக் குறைத்தும் பார்த்தான். அன்றைக்கெல்லாம் ஐயர் இன்னும் எரிந்து விழுந்தார்.

மறுநாள் இரண்டு பேரும் ஒரே ஜட்காவில், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

டென்சில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். ஒன்று தேக்கு, நாலு பக்கமும் அடைத்து, பாலிஷ் போட்டு, மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இன்னொன்றுக்கு முதுகே இல்லை, பின்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது.

"முதல்ல இதுல மாட்டு" என்று தேக்குப் பெட்டியைக் காட்டினான் ஆம்ப்ரோஸ்.

அவன் வாசிக்கத் தொடங்கியதும் ஐயர் எழுந்தார். எதிரே நின்று கேட்பார் என்று பார்த்தால், பெட்டிக்குப் பின்னால் போனார். அங்கிருந்து கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், விறகு அடுக்குக்கு அந்தப் பக்கம் நின்றார்.

திரும்பி வந்து, "ஒண்ணும் கேக்கலை" என்றார்.

ஆம்ப்ரோஸுக்குப் புரிந்துவிட்டது. இதைத்தான் வாங்கச் சொல்லப்போகிறார்.

டென்சில் ஸ்பீக்கரை முதுகில்லாத பெட்டிக்கு மாற்றினான். ஐயர் மறுபடி கொல்லைக்குப் போனார். பாட்டு முடிந்தும் ஆளைக் காணோம். டென்சில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"உங்க ஃபிரெண்டு கண்ணை மூடிட்டு நிக்கிறாரு, மேன்."

"அவர் என் ஃபிரெண்டு இல்லை."

ஐயர் உள்ளே வந்தார். "இதையே வாங்கும்."

"இது பின்னாடியும் சத்தம் போடும் ஐயரே."

"அதான் கேட்டேனே. இதையே வாங்கும்."

ஆம்ப்ரோஸ் டென்சிலைத் தனியே கூப்பிட்டு விசாரித்தான். "முன்னாடி சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கும். ஆனா இனிப்பு ஜாஸ்தி" என்றான் டென்சில்.

அப்படிப் போகிறதா விஷயம்? பாதிச் சத்தம் பின்னால் போய்விட்டால் ஹாலில் கடைசி வரிசைக்குக் கேட்காது. கேட்காவிட்டால் ஹால்காரன் வேறு ஆளைத் தேடுவான். அதோடு கிட்டார் ஒழிந்தது. சர்க்காரில் முப்பது வருஷம் குப்பை கொட்டினவர் மூளை வேறு எப்படி வேலை செய்யும்?

ஐயரை முறியடிக்கவே தேக்குப் பெட்டியை வாங்கிவிடலாம் என்று கை போனது. காது விடவில்லை. முதுகில்லாத பெட்டியில் ஒவ்வொரு சுரமும் தண்ணீரில் விட்ட எண்ணெய் மாதிரிப் பரவிக்கொண்டு போயிருந்தது. கடைசியில் அதையே ஜட்காவில் ஏற்றினான். ஐயர் வழியெல்லாம் அதை விழாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் பெட்டியைக் கூடத்தில் வைத்தான். ஆயிரம் சண்டை இருந்தாலும் பக்கத்தில் துக்க வீடு அல்லவா? திறந்த பக்கம் ஐயர் வீட்டைப் பார்க்காமல் தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு வாசித்தான்.

ஒரு பாட்டுக்கூட முடியவில்லை.

"வைத்தி, என்னடா பாத்துண்டு நிக்கறே? போய்ச் சொல்லுடா" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஜகதாம்பாளின் குரல் வந்தது.

சுவருக்கு மேலே தலை முளைத்தது. "ஓய் ஆம்ப்ரோஸ், நாலு குடித்தனம் இருக்கிற தெரு இது. நிறுத்தும் உம்ம இரைச்சலை."

ஆம்ப்ரோஸுக்குக் கோபம் தலைக்கேறியது. விறுவிறுவென்று சுவரருகே வந்தான்.

"இதைப் பொறுக்கி எடுத்ததே நீங்கதான ஐயரே?"

ஐயர் ஒருமுறை தம் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சுவரின்மேல் நன்றாகச் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கத்தினது அக்காவுக்காக, அதை விடும். பெட்டியோட திறந்த முதுகை எங்காத்துப் பக்கமாத் திருப்பி வையும், ஓய். வந்த நாளா சாத்தியே வெச்சிருந்த ஜன்னலை ருக்கு இன்னிக்குத்தான் திறந்திருக்கா."