உறைக்குள் ஓர் அலாய் வீல்

சிதம்பரநாதனின் புதுக் காரில் இருந்த அலாய் வீலுக்குத் தன் பளபளப்பில் அப்படி ஒரு பெருமை. தினமும் அவர் ஷாம்பு போட்டுக் கழுவி, பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்து, மெழுகு பூசி, நாய் வந்து காலைத் தூக்கிவிடக் கூடாதென்று துணி உறையும் மாட்டிவிடுவார்.

அன்று நல்ல மழை. அவரும் மனைவியும் கார் நின்ற வாசலில் ஓர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஆட்டோச் சக்கரம் முழுக்கச் சேறு.

"தள்ளிப் போ தம்பி, மேல தெறிச்சிடப் போகுது!" என்றது அலாய் வீல், உறைக்குள்ளிருந்து. "நான் அழுக்காயிடுவேன்னு முதலாளி என்னை மழையில வெளியவே எடுக்கிறதில்ல."

"வெயில் நாள்ல எடுப்பாரா அண்ணே?"

"தூசி ஒட்டுமே!"

"அதுவும் சரிதான். நாங்க கடற்கரை வரைக்கும் போயிட்டு வர்றோம். உங்க முதலாளியும் அம்மாவும் சூடா பஜ்ஜி சாப்பிட்டு ஒரே சிரிப்பு. நீங்க கடைசியா எங்க போனீங்க?"

அலாய் வீல் வெகுநேரம் யோசித்தது.

"பூஜை போட்ட அன்னிக்கு, எலுமிச்சம்பழத்து மேல ஏறி இறங்கினேன்."

ஆட்டோச் சக்கரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தது.

"தம்பி," என்று உறைக்குள்ளிருந்து மெல்லக் குரல் வந்தது. "போறப்ப கொஞ்சம் கிட்ட வந்து தெறிச்சிட்டுப் போயேன்."