சோற்றுப் பைக்குள் ஒரு கத்தி

"சீச்சீ! இன்னா கருமம்மா இது?"

அருள்தாஸ் கையிலிருந்ததை மேஜைமேல் போட்டுவிட்டு விரல்களை உதறினார். மடக்குக் கத்திதான். உள்ளங்கையில் அடங்கிப்போகிற சைஸ். ஆனால் அதைக் கத்தி என்று சொன்னால் கத்திக்கே கேவலம்.

கைப்பிடி முழுக்கப் பிசுக்கு. துருவேறி இறுகிப்போன அலகை நெம்பித் திறந்ததும் ஒரு வாடை வந்தது பாருங்கள், காலையில் தின்ற இட்லி அவருக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. மடிப்புக்குள் கறுப்பாக என்னவோ அப்பியிருந்தது. அதில் ஒட்டிக்கொண்டு நாய் முடி வேறு.

இந்தக் கண்றாவி எங்கே இருந்தது? பிருந்தாவின் சோற்றுப் பைக்குள். புளிச்சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு கொத்து வேப்பிலையோடு கந்தல் துணியில் சுற்றி.

உத்திரமேரூரை ஒட்டிய அந்தக் கம்பெனியில் பையைச் சோதிக்காமல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். பெண்களின் பைகளைக் கீதா பார்ப்பாள். வில்லங்கமாக எதுவும் கிடைத்தால் செக்யூரிட்டி ஆபீசர் அருள்தாஸிடம் வரும். அவரோ யாராவது தும்மினால்கூட சானிடைசர் தேடுகிற மனிதர்.

"யாருது இது?"

"எங்க வூட்டுக்காரருது சார். அவரு புதுசு வாங்கிட்டாரு. இது சும்மாதான் கெடந்துச்சு."

"இத வச்சிக்கினு இன்னா பண்ணுவாரு?"

பிருந்தா தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாந்தான் சார். எப்பவும் பாக்கெட்லயே வச்சிருப்பாரு. கால் நகம் வெட்டுவாரு. நாய்க்கு உண்ணி எடுப்பாரு. ஏரியில மீன் புடிக்கசொல்ல மண்புழு அறுப்பாரு..."

"யம்மா, போதும்! நிறுத்து!"

சானிடைசர் பாட்டிலை இரண்டு முறை அமுக்கினார். வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். ஒருத்தி ஓரமாகப் போய்க் காறித் துப்பினாள்.

"இத சோத்துப் பையில வச்சிக்கினு வரியே, உனக்கு அருவருப்பா இல்லியா?"

"கீது சார். தொடவே கூசுது. அதான் துணியில சுத்திக்கினேன்."

"அப்ப தூக்கிப் போடு." குப்பைத் தொட்டியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

பிருந்தா அசையவில்லை. "வேணாம் சார். என்கிட்டயே இருக்கட்டும்."

அருள்தாஸுக்குச் சுர்ரென்று ஏறியது. "நேத்து சூப்பர்வைசர் பாண்டியனோட சண்ட போட்டியாமே? இன்னிக்கு கத்தியோட வந்து நிக்கற. நான் இன்னா நெனைக்கறது?"

"ஐயோ, அதுக்கில்ல சார்! நான் அத தொறந்துகூட பாத்தது கெடையாது."

"பின்ன எதுக்கு? பழம் நறுக்கவா? கேன்டீன்ல கேளு, குடுப்பாங்க. பளபளன்னு சுத்தமா கீது."

"அது எவர்சில்வர் சார்."

சுத்தமான எவர்சில்வர் ஆகாதாம், மண்புழு அறுத்த துருதான் வேண்டுமாம்! இதெல்லாம் என்ன ஜென்மமோ என்று அருள்தாஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"தீபாவளிக்குள்ள உன்ன பர்மனென்ட் பண்றதா பேச்சு. தெரியுமில்ல? கத்தியோட ஒருத்தரையும் உள்ள வுட மாட்டேன். அத குப்பையில போடு, இல்ல ஐடி கார்ட கழட்டி வச்சிட்டு வூட்டுக்குப் போ."

பிருந்தாவின் கண்கள் நிறைந்துவிட்டன. இரண்டு வருஷமாக அவள் காத்திருந்த வேலை அது. கத்தியைப் பார்த்தாள், கேட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"வேல போனா போவட்டும் சார். போன தபா ஒண்ணுமில்லாம வெறுங்கையா ஏரிக்கரை வழியா வந்துக்கினு இருந்தேன். அப்ப நான் பட்டதே போதும்."

"எவனாச்சும் வம்பு பண்ணானா? போலீஸ்ல சொல்லு! அத வுட்டுட்டு இந்த நாத்தம் புடிச்சத கட்டிக்கினு அழுவியா?"

அதுவரை மற்ற பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த கீதா மேஜையருகே வந்தாள். கந்தல் துணியை ஒரு விரலால் விலக்கி அந்த வேப்பிலையைப் பார்த்தாள். பிறகு பிருந்தாவின் முகத்தைப் பார்த்தாள்.

தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, அதிலிருந்து நீளமான ஒரு பழைய இரும்புச் சாவியை உருவினாள். அதைப் பிருந்தாவின் கையில் வைத்து அழுத்தினாள். "பூட்டு எப்பவோ ஒடஞ்சி போச்சி. இத நீயே வச்சிக்கோ."

"சாவி உள்ள போலாம் இல்ல சார்?" என்றாள் அருள்தாஸிடம்.

"சாவிக்கு இன்னா தடை? தாராளமா போலாம்."

பிருந்தா சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள். மறு கையால் கத்தியைத் துணியோடு நுனியில் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். "தூ, சனியன்!" என்று கையைப் புடவையில் துடைத்தாள். அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பே வந்தது.

அருள்தாஸுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. கார்டை அவள் பக்கம் தள்ளிவிட்டார். "காலங்காத்தால இன்னா பேஜாருடா சாமி" என்று மறுபடியும் சானிடைசர் பாட்டிலை எடுத்தார்.

கீதா அவளைக் கேட்டுக்கு உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். நாலு எட்டு தள்ளி நின்று, காதோரமாகக் குனிந்து கேட்டாள்.

"இரும்பு கையில இருந்தா காத்து கருப்பு அண்டாது. எத்தினி மாசம்?"