உப்புத் தண்ணீரில் பகடை

“கலியாணம் கேட்ட முஸம்மிலுக்கு மூண்டு மாசமா மறுமொழி இல்ல, நீ இங்க உப்புக் கரைச்சிக்கிட்டு இருக்கிறாயா?” என்று உம்மா கத்தினார்.

“கத்தாதீங்க உம்மா! பின்னேரம் கூட்டாளிமாரோட பகடை உருட்டிக் கதை சொல்லுற விளையாட்டு இருக்கு. பகடையை உப்புத் தண்ணியில மிதக்க விட்டா, ஒரு பக்கம் பாரம் கூடின கோணல் பகடை ஒரே இலக்கத்தையே மேல காட்டும். அதைப் பிரிச்சு எடுக்கிறன்,” என்று ஷிம்லாவும் கத்தினாள்.

பின்னேரம் ஜன்னலைச் சாத்தி, சாம்பிராணி போட்டு, ஜின் குரலில் கதையைத் தொடங்கினாள். முஸம்மிலின் முறை வந்தது.

“இருபது விழுந்தா, நீங்க கேட்டதுக்கு என்ட மறுமொழி ஓம்!”

பகடைக்கோ இருபது முகம். பாவம், முஸம்மில் கண்ணை மூடிக்கொண்டு உருட்டினான். இருபது!

“எல்லாம் நஸீபு, அல்லாஹ் எழுதின விதி!” என்று உம்மா கண்ணைத் துடைத்தார். நேரான பகடைகளை அலுமாரியில் பூட்டிவிட்டு, இருபதையே காட்டிய கோணலைத்தான் மகள் மேசைக்குக் கொண்டுவந்தாள் என்பதை அவரிடம் யார் சொல்வது?

நிக்காஹ் முடிந்து இருவரும் கண்டக்குழிக்குக் குடிபோய்விட்டார்கள்.