அங்கம்மா ஊதிய மூச்சு

காத்திவாக்கம் குப்பத்தில், அங்கம்மா தன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். புயல் வந்தால் தப்பி ஓட முடியாத நோயாளிகளைக் கணக்கெடுக்க வந்த நர்மதா, மூச்சை அளக்கும் குழாயை நீட்டுகிறாள். "உங்க வீட்டுக்காரர் ஊதணும்மா." "இன்னாத்துக்கு? நோவு கீற வூடுன்னு எழுதினுபோயி, எங்கள கடல வுட்டே தூக்கியடிக்கவா?" உள்ளே அவள் கணவன் கருணாகரன் இருமலை விழுங்குவது தகரச் சுவரைத் தாண்டிக் கேட்கிறது. அங்கம்மா குழாயைப் பிடுங்கி, தெருத்தெருவாக மீன் கூவி விற்ற நெஞ்சால் ஒரே ஊது ஊதுகிறாள். குழாயின் அளவு முள் உச்சிக்கு ஏறுகிறது. "அவருக்கும் இதையே எழுதிக்கோ. கெளம்பு." அடக்கிய இருமல் உள்ளே வெடிக்கிறது. நர்மதா குரலைத் தாழ்த்துகிறாள். "புயலப்போ இவரை யாரும்மா தூக்குவாங்க?" "நாந்தான். இல்ல, நீ வந்து தூக்குறியா? சொல்லு, உம்பேர நான் எழுதிக்கிறேன்." நர்மதா குனிந்து, குழாயின் வாயைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.