தம்பி நின்ற இடம்

கண்ணுசாமியின் மோதிரம் மறுபடியும் மானிட்டரில் தட்டுகிறது. தன் மண்டையிலேயே தட்டுவதுபோல் இருக்கிறது சத்யாவுக்கு. அரிமளத்தில் ரைஸ்மில் வைத்திருக்கும் அவர், போட்ட நாற்காலியில் உட்காராமல், ஜன்னல் வெயிலை மறைத்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். சட்டையில் தவிட்டு வாசம். அரிசி ஆர்டர் எடுக்க அவள் செய்து கொடுத்த வெப்சைட்டின் முதல் பக்கத்தில், இடது ஓரம் அவர் படம் ஒடுங்கிக் கிடக்கிறது. வலது பாதி வெள்ளையாகப் பல்லிளிக்கிறது. "பாகம் பிரிச்சாச்சு, தம்பி படத்தத் தூக்குங்கன்னேன். எடத்த மட்டும் எதுக்கு விட்டு வச்சிருக்கீங்க? அவன் திரும்பி வருவான்னா?" அவள் தூக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தாள். மறைத்த படமும் தன் இடத்தை விடுவதில்லை. அண்ணன் தம்பி சண்டை எத்தனை நாளைக்கு என்று நினைத்தது அவள் தப்புத்தான். கோடிங்கில் தம்பி படத்துக்கான வரியையே அழித்துவிட்டு, ஆணி அடிப்பதுபோல் என்டரைக் குத்துகிறாள். வெள்ளை மறைகிறது. கண்ணுசாமியின் படம் திரை முழுக்க விரிகிறது. இதுவரை சட்டத்துக்குள் அடங்காமல் ஒளிந்திருந்த ஓரங்களும் வெளியே வருகின்றன. அண்ணனும் தம்பியும் சேர்ந்து எடுத்த போட்டோவை இரண்டாக வெட்டிப் போட்டது அது. அவர் தோளை வளைத்துப் பிடித்தபடி நாலு விரல்கள். ஒன்றில் இதே மாதிரி மோதிரம். தட்டல் நிற்கிறது. தெருவில் ஒரு மினிபஸ் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே போகிறது. "அந்தக் கைய வெட்டுங்க." "கைய வெட்டுனா ஒங்க தோளும் சேந்து போயிரும்ண்ணே." "போகட்டும்."