மஞ்சள் இல்லை

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு இன்னும் சில நாட்களே. காஜா பேராங் தெருவில் வெயில் சாய்கிறது. "கொடிக்குப் பிறை தைக்கணும், மஞ்சத் துணி இருக்காண்ணே?" என்று துணிக்கடை வாசலில் நின்று கேட்கிறாள் ஒரு பெண். "இல்ல" என்கிறான் நல்லையா, தலையைக்கூட நிமிர்த்தாமல். அவன் முதுகுக்குப் பின்னால் பொன்னிறத் துணிக்கட்டு ஒன்று மினுங்குகிறது. அவன் மனைவி கமலவேணி அந்தக் கட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்க்கிறாள். வந்தவர்களை இப்படித் திருப்பி அனுப்பாதே என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது அவளுக்கு. எதிர்க்கடை அலாவுதீன், "வாங்க தாயி, உக்காருங்க, இந்தா எடுத்தாறேன்" என்று அந்தப் பெண்ணை அமர்த்திவிட்டுத் தெருவைக் கடந்து வருகிறார். "நல்லையா, அந்த மஞ்சள்ல ஒரு கெஜம் கிழிங்க." கத்தரி சரசரவென்று ஓடுகிறது. "இது மஞ்சள் இல்ல பாய், பொன்னு நெறம். அந்தம்மாகிட்ட சொல்லிருங்க" என்கிறான் நல்லையா. இருட்ட இன்னும் நேரமிருக்கிறது. கமலவேணி கடைப்பலகைகளை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்குகிறாள்.