அட்டவணை சொன்ன தண்ணீர்

"யாரைக் கேட்டுய்யா தண்ணி வராதுன்னு சொன்னே?"

என்ஜினியர் சங்கரலிங்கம், வயல் வைத்திருக்கும் சம்சாரிகள் முன்னாலேயே சத்தம் போட்டார். ஆற்றில் தினமும் தண்ணீர் அளவு பார்த்து எழுதும் ஆண்டிச்சாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"செல்லத்தாய் விதைநெல்லைத் தூவி நாத்துப் பாவலாமான்னு கேட்டுச்சு, சார். செத்தப் பொறுன்னேன்."

"மலையில நாலு அங்குலம் மழை பெஞ்சிருக்கு. அட்டவணைப்படி பதினஞ்சு நாள் ஆத்துல தண்ணி ஓடும், கண்மாய் பெருகும். முப்பது வருசக் கணக்குய்யா இது."

"அந்த முப்பது வருசமும் மழை நாள்கணக்கா நின்னு பெஞ்சுச்சு, சார். இப்ப நாலஞ்சு வருசமா ஒரே நாள்ல கொட்டிட்டுப் போயிருது. ரெண்டு நாள் வெள்ளம், மூணாம் நாள் வெறும் மணல். அம்புட்டும் என் நோட்டுல இருக்கு."

"உன் நோட்டை நீயே வச்சுக்கோ. நாளைக்கு மன்னிப்புக் கடிதம் வரணும். இல்லேன்னா வேலை இருக்காது."

சம்சாரிகள் பக்கம் திரும்பினார். "நீங்க தைரியமாப் பாவுங்க."

போன வருசம் பயிர் காய்ந்து வீணானது போக, செல்லத்தாயிடம் ஒரே ஒரு மூட்டை விதைநெல்தான் மிச்சம். அன்று சாயங்காலமே அதை ஊறப் போட்டாள்.

"படிச்சவிய சொல்லுதாவ, அண்ணாச்சி" என்றாள் ஆண்டிச்சாமியிடம்.

அவருக்கு அலுத்துப் போய்விட்டது. இருபத்திரண்டு வருசம் இடுப்பளவு தண்ணீரில் நின்று அளந்தவர்தான். இருந்தாலும் அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கியதில், நமக்குத்தான் வயசாகிப் புத்தி மழுங்கிவிட்டதோ என்று தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மன்னிப்புக் கடிதத்தை எழுதினார்.

மறுநாள் காலையில் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் என்ஜினியர் வீட்டுக்குப் போனார். என்ஜினியர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி பரிபூரணம்தான் கதவைத் திறந்தாள்.

"ஆத்துல அளவு பாக்கிற ஆண்டிச்சாமிம்மா. சார்கிட்ட இந்தக் கடிதத்தைக் குடுத்துருங்க."

"நீங்கதானா அது? உள்ள வாங்கண்ணே, மோர் குடிச்சிட்டுப் போங்க. அவிய உங்களைப் பத்திச் சொல்லாத நாளே இல்ல."

"என்னம்மா சொன்னாவ?" அவர் பயந்துபோய்க் கேட்டார்.

"வத்திராயிருப்புல எங்க வயலுக்கு நாத்துப் பாவ முந்தாநாள் ஆள் வந்துச்சு. 'இந்த வருசம் பாவ வேண்டாம், ஆண்டிச்சாமி நோட்டைப் பாத்துட்டேன், தண்ணி நிக்காது'ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாவ."